நாலு ரோடு சாரும் ஆரஞ்சுச் சட்டையும்

இடது கையில் இருப்பது காருக்கு, வலது கையில் இருப்பது பைக்குக்கு. உள்ளங்கையில் அடங்கும் அந்த இரண்டு எண்ணும் கருவிகளையும் பிடித்துக்கொண்டு, தெருமுனையில் மடக்கு நாற்காலி போட்டு, முதுகு சாயாமல் உட்கார்ந்து, கட்டைவிரல்களால் டிக் டிக்கென்று அமுக்கிக்கொண்டிருக்கிறார். நடந்து போகிறவர்களுக்குத் தனிக் கருவி கிடையாது. அவர்களை மனசுக்குள்ளேயே எண்ணிக்கொள்வார். அதனால் தெரிந்தவர் யாராவது வந்து நலம் விசாரித்தால் தலையை மட்டும் ஆட்டுவார். வாயைத் திறந்தால் ஒரு தபால்காரரும் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கணக்கிலிருந்து காணாமல் போய்விடுவார்கள்.

"என்ன சார், வேலையா?" என்று கேட்டு, பதில் வராமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. மறுநாள் அவரே அவர்களைத் தேடிப் போய்ச் சமாதானம் சொல்வார். "தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து உங்களைத்தான் எண்ணிக்கிட்டு இருந்தேன். ரெண்டு தடவை கடந்தீங்க."

நகராட்சியின் போக்குவரத்துப் பிரிவில் பொறியாளர். குடியிருப்புத் தெருக்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடங்களில், எங்கே 'நில்' என்ற சிவப்புப் பலகையை நடலாம், எங்கே வேண்டாம் என்று பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார். நாற்சந்தியே கதியென்று கிடப்பதால் அலுவலகத்தில் அவருக்கு 'நாலு ரோடு சார்' என்று பெயர். அது அவர் காதுக்கும் எட்டி, பிடித்தும் போய், இப்போது தொலைபேசியை எடுத்தால் அவரே "நாலு ரோடு பேசறேன்" என்கிறார். என்ன உத்தியோகம் என்று புதிதாக யாராவது கேட்டால், "அடுத்தவங்க போறதை வேடிக்கை பாக்கற உத்தியோகம். அதுக்கும் மாசா மாசம் சம்பளம் குடுக்கறாங்க, நல்ல மனசுக்காரங்க" என்பார்.

வேலையில் அவருக்கு இருக்கும் ஒரே ஆடம்பரம், சட்டைமேல் போட்டுக்கொள்ளும் கையில்லாத ஆரஞ்சுச் சட்டை. அலுவலகம் கொடுத்தது சாயம் போய்ப் பழைய தலையணை உறை மாதிரி ஆகிவிட்டதென்று, சொந்தக் காசில் வாங்கிக்கொண்டது. மார்பிலும் முதுகிலும் வெள்ளிப் பட்டை. தெருக்கோடியிலிருந்து பார்த்தால் ஆள் தெரியமாட்டார், சட்டை தெரியும். தெருவில் வேலை செய்கிறவன் நாலு பேர் கண்ணுக்குப் படும்படி இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. "அதைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள வராதீங்க, கண்ணு கூசுது" என்பது அவர் மனைவியின் கட்சி. அதனால் சட்டை இரவில் கார் டிக்கியில் தூங்குகிறது.

வீட்டிலும் கட்டைவிரல்கள் சும்மா இருப்பதில்லை. தொலைக்காட்சியில் கதாநாயகி கதறி அழும்போது இவர் கண் ஓரத்தில் ஈரம் இருக்கும், விரல்கள் மட்டும் அவள் பின்னால் போகும் கார்களை அமுக்கிக்கொண்டிருக்கும். வண்டி ஓட்டும்போது சிவப்புப் பலகையைப் பார்த்துவிட்டால் சக்கரம் சுத்தமாக நின்று, வண்டி ஒரு தடவை பின்னால் ஆடி அடங்கின பிறகுதான் நகர்த்துவார். பின்னால் வருகிறவர்கள் ஹாரனிலேயே அவருடைய பூர்வீகத்தை விசாரித்துவிடுவார்கள். ஆனால் துணிக்கடையில் இரண்டு சட்டைக்கு நடுவே மாட்டிக்கொண்டால் மனிதர் அதோகதிதான். இதைத் தூக்குவார், அதை வைப்பார், வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பார், கடைசியில் இரண்டையும் மடித்து வைத்துவிட்டு வந்துவிடுவார். "ஊர்ல இருக்கற அத்தனை பேரையும் நில்லு, போன்னு சொல்றவருக்கு, இந்தச் சட்டையைக் குடுப்பான்னு சொல்ல வாய் வரலை" என்று மனைவி யாரிடம் வேண்டுமானாலும் சொல்வார். இவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். "அங்க நான் முடிவு பண்றதில்லைங்க. கணக்கு முடிவு பண்ணுது. நான் வெறும் கட்டைவிரல்."

பலகை விஷயத்தில் மட்டும் அவரிடம் விளையாட்டுக் கிடையாது. அங்கே ஒரு கொள்கை வைத்திருக்கிறார். குடியிருப்போர் சங்கத்து ஆட்கள் வந்து மேசையைச் சூழ்ந்துகொண்டால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகச் சொல்வார். "தேவையில்லாத எடத்துல போர்டு வெச்சா மொத வாரம் நிப்பாங்க. அடுத்த வாரம் மெதுவாப் போவாங்க. அப்புறம் அது போர்டே இல்லை, தெருவோரத்துல ஒரு மரம். ஆனா நடந்து போறவங்க இருக்காங்க பாருங்க, அவங்க மட்டும் அதை நம்பிக்கிட்டே இருப்பாங்க. நம்பித்தான் காலை எடுத்து வைப்பாங்க. போர்டு இல்லாத எடத்துல பயந்து பயந்து கடக்கறவங்க பொழைச்சுக்கறாங்க. நம்பி எறங்கறவங்களுக்குத்தான் ஆபத்து."

இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். வந்தவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். வெளியே போய்த் திட்டுவார்கள், அது வேறு.

இந்தக் கொள்கைக்குச் சோதனை அவருடைய அக்கா வீட்டு வாசலிலிருந்தே வந்தது.

அக்கா வீடு ஒரு நாற்சந்தியின் மூலையில் இருக்கிறது. அக்கா பெரிய மருத்துவமனையில் தலைமைச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் அவர் ஒரு பார்வை பார்த்தால் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறவர்களுக்குக்கூட நாக்கை நீட்டிக் காட்டத் தோன்றும். அத்தான் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஆயுள் முழுக்க யாரையும் நம்பாமல் இருந்ததற்காகச் சம்பளம் வாங்கியவர் என்று மைத்துனரான நாலு ரோடு சார் கேலி செய்வார். போன மழைக்காலத்தில் அத்தான் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, நடையும் வந்துவிட்டது, வேகம் மட்டும் திரும்பி வரவில்லை. கைத்தடியை ஊன்றி, ஒரு காலை வைத்து, மற்றதைக் கூட இழுத்துக்கொண்டு வருவதற்குள் எதிரே வருகிறவர் பொறுமை இழந்துவிடுவார்.

தெருவுக்கு அந்தப் பக்கம், நேர் எதிர் வீட்டில் பல் டாக்டர் இருக்கிறார். அத்தானும் அவரும் பல வருஷமாகச் சதுரங்கம் ஆடுகிறவர்கள். ஒருவரையொருவர் ஏமாற்றுக்காரன் என்று நம்புவதால் வளர்ந்த நட்பு அது. பல் டாக்டருக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது, வாசற்படி இறங்கமாட்டார். ஆகவே ஆட்டம் நடக்க வேண்டுமானால் அத்தான்தான் தெருவைக் கடக்க வேண்டும். அக்கா கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன் என்றால், "என்ன நான் பால்வாடிப் பிள்ளையா? அவன் மாடியிலேர்ந்து பாத்துக்கிட்டு இருப்பான்" என்று மறுத்துவிடுவார். பல் டாக்டர் பார்த்துவிடக் கூடாது என்பதில் அத்தானுக்கு இடுப்பெலும்பைவிட அக்கறை.

"ஒரு போர்டு வைடா தம்பி. ஒரே ஒரு செகப்புப் போர்டு. ஊரெல்லாம் வைக்கறே" என்றார் அக்கா.

"ஊரெல்லாம் எங்கக்கா வைக்கறேன்? ஊரெல்லாம் வேண்டாம்னுதான சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"அப்போ இங்க மட்டும் வை."

தலைமைப் பொறியாளரிடம் போய், இது என் சொந்த அக்கா வீட்டு முனை, வேறு யாராவது பார்க்கட்டும் என்று ஒதுங்கப் பார்த்தார். அந்த அம்மாள் இவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ கண்டிப்பா நீங்கதான் பாக்கணும். சொந்த அக்காவுக்கே வேண்டாம்னு சொல்ற ஆளுன்னு தெரிஞ்சா, மத்தவங்க நம்மகிட்ட சண்டைக்கே வரமாட்டாங்க" என்றார். பார்ப்பதற்கு முன்பே முடிவு இன்னதென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, இவரைத் தவிர.

இதற்கு நடுவே அந்த முனையைப் பற்றி அலுவலகத்துக்குத் தொலைபேசிப் புகார்கள் வர ஆரம்பித்தன. பெயர் சொல்லாத ஓர் ஆண் குரல், கம்மிப்போய், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். "அங்க ரொம்ப ஆபத்தா இருக்கு. உடனே ஆளை அனுப்பி எண்ணச் சொல்லுங்க" என்பதோடு வைத்துவிடும். ஒவ்வொரு புகாருக்கும் இவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் மேல் அவருக்குப் பெரிய மரியாதையே வந்துவிட்டது. "பாருங்க, போர்டு வைன்னு கேக்கலை. எண்ணுன்னு கேக்கறாரு. இந்த மாதிரி தெருவுக்கு ஒரு ஆள் இருந்தாப் போதும்" என்று சக ஊழியர்களிடம் உருகினார்.

போய் உட்கார்ந்த நாளெல்லாம் முனை பரம சாதுவாக இருந்தது. கார்கள் ஊர்ந்து வந்தன. பைக்குகள் ஒன்றுக்கொன்று வழிவிட்டன. ஒரு சரக்கு வேன்காரர் நிறுத்தி, ஜன்னலை இறக்கி, நாய்க்குட்டி ஒன்று கடந்து போகும் வரை காத்திருந்தார். இவருக்கே மனசு நெகிழ்ந்துவிட்டது. அக்கா வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு அத்தான், தேய்த்த சட்டையும் வாரிய தலையுமாகக் கைத்தடியோடு இறங்குவார். நடுத்தெருவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவார். இரண்டு பக்கமும் வண்டிகள் பக்தியோடு நிற்கும். இவரைப் பார்த்து ஒரு புன்னகையைப் போட்டுவிட்டுப் பல் டாக்டர் வீட்டுக்குள் போய்விடுவார். இவர் கணக்கில் அதையும் சேர்த்துக்கொண்டார்: வயதானவர், கைத்தடியுடன், சிரமமின்றிக் கடந்தார். கடந்தவர் தன் அத்தான் என்பதற்காகக் கணக்கிலிருந்து விட்டுவிட முடியுமா?

ஆக, பலகை தேவையில்லை. விதியில் சொன்ன அளவுக்கு வண்டிகளும் இல்லை, நடக்கிறவர்களும் இல்லை, மோதலும் இல்லை. அலுவலகத்துக்குச் சொல்வதற்கு முன்னால் அக்காவிடம் நேரில் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்பிப் போனார். சாதாரணச் சட்டை, செருப்பு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வேண்டாம் என்று சொல்லப் போகிற வீட்டுக்குப் பழம் வாங்கிப் போவது லஞ்சத்தில் சேருமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனாராம்.

போனவருக்கு வாய் வரவில்லை. அக்கா டீ கொடுத்தார், குடித்தார். இன்னொன்று கொடுத்தார், அதையும் குடித்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். பழம் நன்றாக இருக்கிறதென்று தான் வாங்கி வந்த பழத்தைத் தானே பாராட்டினார். அப்புறம் பேச ஒன்றும் இல்லாமல் மாடி அறைக்குப் போய், ஜன்னலோரம் உட்கார்ந்து, திரைச்சீலை இடுக்கு வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழில் பழக்கம்.

முதலில் இது வேறு தெருவோ என்று அவருக்குத் தோன்றியது. ஒரு கார் சந்திப்பை அம்பு மாதிரி கடந்து போனது. பின்னாலேயே இன்னொன்று. குறுக்குத் தெருவிலிருந்து வந்த பைக்குக்காரர் ஓரமாக ஒடித்து, காலை ஊன்றி, போனவனைத் திட்டிவிட்டு, அதே வேகத்தில் தானும் பறந்தார். ஒரு சரக்கு வேன் வந்தது. நாய்க்குட்டிக்காக நின்ற அதே வேன், அதே நீலத் தார்ப்பாய். முனையில் ஹாரனை ஒரு அழுத்து அழுத்தி, அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு சீறிப் போய்விட்டது. நாலு ரோடு சாரின் கட்டைவிரல்கள் தாமாகவே அசைய ஆரம்பித்து, கருவி இல்லாமல் காற்றை அமுக்கின. பிறகு அவையும் நின்றுவிட்டன.

அப்போது கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அத்தான். தேய்த்த சட்டை, வாரிய தலை, கைத்தடி. நடைபாதை விளிம்பில் வந்து நின்றார். தடியைக் கீழே ஊன்றி ஒரு காலை இறக்கினார். ஒரு கார் வந்தது, காலை மேலே எடுத்துக்கொண்டார். மறுபடி இறக்கினார், மறுபடி எடுத்தார். எதிர் மாடி ஜன்னலைப் பார்த்து, சும்மா காற்று வாங்க வந்தவர் போலக் கையை ஆட்டினார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு திரும்பி, கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தார். கீழே அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. தேய்த்த சட்டையை மறுபடி மாட்டி வைக்கிறார்.

"தினம் இதுதான்டா" என்றார் அக்கா. எப்போது மாடிக்கு வந்தார் என்று தெரியவில்லை. "சட்டையைப் போடுவாரு, போவாரு, நிப்பாரு, வந்துருவாரு. நான் பாக்காத மாதிரி இருந்துடுவேன்."

"என் முன்னாடி ராஜா மாதிரி கடந்து போனாரேக்கா?"

"நீ உக்காந்திருந்தே, அதனால போனாரு. கண்ணைப் பறிக்கற மாதிரி ஒண்ணை மாட்டிக்கிட்டு, கையில என்னமோ மெஷினை வெச்சுக்கிட்டு முனையில உக்காந்தா, வர்றவன் போலீஸுன்னுதான நெனைப்பான்? நீ இருந்தா இந்தத் தெருவே கோயில் மாதிரி இருக்கும். நீ நாற்காலியை மடக்கினதும் பழையபடி ஆயிடும். இது உனக்குத் தெரியாதா? நீதான இதுக்குப் படிச்சவன்?"

அவருக்குத் தெரியாது. இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு நாள்கூட, தான் இல்லாத ஒரு சந்திப்பை அவர் பார்த்ததில்லை. எப்படிப் பார்த்திருக்க முடியும் என்று முதலில் தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தார். அது நிற்கவில்லை. வண்டிகளின் எண்ணிக்கை சரிதான், அதில் ஒன்று கூடக் குறையாது. அவை எப்படிப் போயின என்பதுதான் முழுப் பொய், அந்தப் பொய்யைச் சொந்தக் காசில் வாங்கி மார்பில் மாட்டிக்கொண்டு அவரே உட்கார்ந்திருக்கிறார். வெட்கத்தில் அவருக்குக் காது சூடாகிவிட்டது. சிரிப்பும் வந்தது. அக்கா முன்னால் சிரித்தால் அடி விழும் என்று அடக்கிக்கொண்டார்.

கீழே இறங்கினால் அத்தான் வீட்டுச் சட்டையில், நாள் பூரா அங்கேயே இருந்தவர் போல நாளிதழ் விரித்து உட்கார்ந்திருந்தார்.

"அத்தான், நேரடியாக் கேக்கறேன். ஆபீசுக்குப் போன் பண்ணி ஆளை அனுப்புன்னு சொன்னது நீங்கதான?"

நாளிதழ் கொஞ்சம் உயர்ந்து முகத்தை மறைத்தது. "எந்த ஆபீஸ்?"

"கைக்குட்டையைப் போனுல வெச்சுக்கிட்டுத்தான் பேசினாரு" என்று சமையலறையிலிருந்து அக்கா காட்டிக் கொடுத்தார்.

நாளிதழ் இறங்கியது. "ஆமா மச்சான். என்ன தப்பு? பல் டாக்டர் ஆட்டத்துக்கு வாடான்னு கூப்பிட்டா நான் உன்னைக் கூப்பிடுவேன். நீ வந்து ஜம்முன்னு உக்காருவே. நான் போயிட்டு, நீ கெளம்பறதுக்குள்ள திரும்பி வந்துருவேன். ஒரு தடவை நீ சீக்கிரம் கெளம்பிட்டே. நான் அங்கேயே மாட்டிக்கிட்டேன், அவன் வீட்டுலயே சாப்பிட வேண்டியதாப் போச்சு. எனக்கு உன் போர்டெல்லாம் வேண்டாம்பா. நீ அப்பப்ப வந்து உக்காந்தாப் போதும்."

நாலு ரோடு சார் இந்த இடத்தைச் சொல்லும்போது எழுந்து நின்று கையை விரித்துக் காட்டுவார். "கேட்டீங்களா? பொறியியல் படிச்சு, பரீட்சை எழுதி, ப்ரமோஷன் வாங்கி, கடைசியில நான் என்ன? ஒரு போர்டு. அதுவும் தேவையான போர்டு. இத்தனை பேருக்கு வேண்டாம்னு சொல்லிட்டு, எங்க அத்தானுக்கு மட்டும் என்னையே நட்டு வெச்சிருக்கேன்."

அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார். "போர்டு வெச்சா எல்லாரும் நிப்பாங்கன்னு நான் சத்தியம் பண்ண முடியாது அத்தான். அதை நம்பி நீங்க எறங்கி, ஒருத்தன் நிக்காமப் போயிட்டா? அந்த பயத்துலதான் நான் எங்கயும் சரின்னு சொல்றதில்லை. நீங்க போர்டை நம்புவீங்களா?"

"டிக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டு நீட்டினவனையே நான் நம்பினதில்லை. தகரத்தை நம்புவேனா? நான் வண்டியைப் பாத்துதான் எறங்குவேன். ஆனா அவனுக்கு நிக்கணும்னு ஒரு எண்ணமாவது வரணும்ல? இப்ப அதுவும் இல்லையே. நான் அங்க நிக்கறதே அவன் கண்ணுல படலை." அத்தான் நாளிதழை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார். "அங்க பல் டாக்டர் கறுப்புக் காயை அடுக்கி வெச்சுட்டு ஜன்னல்ல உக்காந்திருக்கான் மச்சான். எத்தனை நாளைக்குக் காத்து வாங்க வந்தேன்னு கையை ஆட்டறது?"

நாலு ரோடு சார் மறுநாளே வேலையில் இறங்கினார். ஒரு வாரம் ஆபீசுக்கு வெளிவேலை என்று சொல்லிவிட்டு, அக்கா வீட்டு மாடி ஜன்னலில் திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்து முதலிலிருந்து எண்ணினார். வேகத்தையும் பார்த்தார், மயிரிழையில் தப்பியவர்களையும் பார்த்தார். அக்கம்பக்கத்து வீட்டு வாசல்களையும் பார்த்தார். பை தூக்கிக்கொண்டு வந்து, நின்று, திரும்பிப் போகிறவர்கள் அத்தான் ஒருவர் மட்டும் இல்லை. நடக்கிறவர்கள் குறைவு என்று இவர் சொல்லிக்கொண்டிருந்த தெரு அது. இவர் வந்து உட்காரும் நேரம் அத்தானைத் தவிர யாருக்கும் தெரியாமல், அவர்கள் கேட்டுக்குள்ளேயே நின்றிருக்கிறார்கள்.

தலைமைப் பொறியாளர் முன்னால் போய், அந்த முனைக்கு நாலு பக்கமும் பலகை வேண்டும், தன் பழைய கணக்கைத் தன் சட்டையே கெடுத்துவிட்டது என்று சொன்னபோது அந்த அம்மாள் வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க அக்காவுக்காகச் செஞ்சீங்கன்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும் மேடம். கொஞ்சம் உண்மையும் இருக்கு."

"சரி. அப்போ இத்தனை வருஷமா வேண்டாம்னு எழுதின மத்த முனையெல்லாம்?"

அந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். வராமல் இருந்துவிடாதா என்று மாடிப்படி ஏறும்போது ஒரு சின்ன ஆசையும் இருந்தது. "மறுபடி பாக்கணும் மேடம். இந்தத் தடவை மறைஞ்சு உக்காந்து" என்றார். இப்போது அவர் மரத்தடியிலும், பெட்டிக்கடைக்குள்ளும், முன்பின் தெரியாதவர்கள் வீட்டு மாடியிலும் அனுமதி கேட்டு உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறார். பதுங்குவது அவ்வளவு சுலபமில்லை என்கிறார். போன மாதம் ஒரு வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தபோது, திருடன் என்று பக்கத்து வீட்டுக்காரர் நிஜப் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார். வந்த போலீஸ்காரருக்குத் தொப்பி, பெல்ட், கம்பு எல்லாம் இருந்தன. "அவர் நின்ன நேரம் பூரா தெரு எவ்வளவு ஒழுங்கா இருந்துது தெரியுமா? அந்தக் கணக்கை நான் அடிச்சுட்டேன்" என்று சொல்லிக் குலுங்கிச் சிரிக்கிறார்.

அக்கா வீட்டு முனையில் பலகைகள் நட்ட அன்று சாயங்காலம் அவர் அங்கே போயிருந்தார். சிமெண்ட் இன்னும் ஈரமாக இருந்தது. நாலு மூலையிலும் புதுச் சிவப்பு பளபளத்தது. எதிர் மாடியில் பல் டாக்டர் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார். அத்தான் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். நாலு ரோடு சார் பலகைக்குப் பக்கத்தில், வேண்டுமென்றால் ஓரெட்டில் நடுத்தெருவுக்குப் பாய்கிற தூரத்தில் நின்றுகொண்டார்.

"நீ நகரு மச்சான்" என்றார் அத்தான்.

"சும்மா நிக்கறேன் அத்தான்."

"சும்மா நிக்கற ஆளா நீ? உன்னைப் பாத்து நின்னானா, போர்டைப் பாத்து நின்னானான்னு எனக்குத் தெரிய வேண்டாமா? அந்தப் பக்கம் போ."

அக்கா மாடியிலிருந்து ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு அங்கே நிற்க அவரால் முடியுமா? சற்றுத் தள்ளி நிறுத்தியிருந்த ஒரு லாரிக்குப் பின்னால் போய் நின்றார். அங்கிருந்து அத்தானின் தலையும் தோளும் தெரிந்தன. கைத்தடி இறங்கியது. ஒரு கால் இறங்கியது, மற்றக் காலும் இறங்கியது. அப்போதுதான் தெருவின் மறுகோடியிலிருந்து ஒரு வண்டியின் இரைச்சல் கிளம்பி வந்தது. வேகமாகத்தான் வந்தது. சத்தத்திலேயே வேகம் சொல்லக்கூடியவர் அவர்.

ஓடிப்போய்க் கையைக் காட்டத் துடித்த உடம்பை லாரியின் பக்கவாட்டுப் பலகையோடு ஒட்டவைத்துக்கொண்டார். சந்திப்புகளைப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற மனிதர், இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டார். டயர் தேயும் சத்தம் கேட்டது. பிறகு எஞ்சின் ஓரிடத்தில் நின்று உறுமுவது கேட்டது. அதற்கப்புறம், தார் ரோட்டில் ஒரு கைத்தடி நிதானமாக, யாருக்கும் அவசரப்படாமல் தட்டிக்கொண்டு போவது கேட்டது. எதிர் வீட்டுக் கதவு திறந்து, "என்னடா, இவ்வளவு லேட்டு?" என்ற பல் டாக்டரின் குரல் கேட்கும் வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை.